‘முழுசா ரெஸ்டோர் செய்த’ மசில் கார் வாங்கப் போகிறீர்களா? பிரேக் டிரம்மைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

அமெரிக்காவில் பழைய மசில் கார் (பெரிய எஞ்சின் பூட்டிய வேகமான கார்) வாங்கி நண்பர்களோடு ஊர் சுற்ற ஆசைப்படும் பசங்களுக்காக இதை எழுதுகிறேன். ஃபீனிக்ஸ் பக்கம் ஒரு கிளாசிக் கார் வியாபாரி என் தலையிலும் என் நண்பன் தலையிலும் கட்டிய கார், இரண்டு பேர் உயிரை வாங்கியிருக்கும்.

விளம்பரம் இப்படி: 1966 பான்டியாக் ஜிடிஓ, 389 கன அங்குல வி8 எஞ்சின், நாலு கியர் மேனுவல், ஃப்ரேம் ஆஃப் ரெஸ்டரேஷன், பிரேக் முழுக்கப் புதிது. ஃப்ரேம் ஆஃப் என்றால் பாடியைச் சேஸிஸிலிருந்து (அடிச்சட்டத்திலிருந்து) தனியாகத் தூக்கி வைத்து, துருவை இரும்பு தெரியும்வரை சுரண்டி, ஒவ்வொரு பாகமாகச் சரிசெய்து மறுபடி பூட்டுவது. நாள் பிடிக்கும், காசும் பிடிக்கும். அந்த வேலைக்கான விலையைத்தான் எங்களிடம் வாங்கினார்.

அதே பான்டியாக்கின் விலை குறைந்த லெ மான்ஸ் காரில் ஜிடிஓ சின்னத்தை ஒட்டி விற்பது இந்தச் சந்தையில் தெரிந்த மோசடி. அதனால் அதைத்தான் முதலில் பார்த்தோம். 1966 மாடலில் அசல் ஜிடிஓவின் விஐஎன் (வண்டியின் அடையாள எண்) 242 என்று தொடங்கும், லெ மான்ஸுக்கு 237. டிரைவர் பக்கக் கதவுத் தூணில் இருந்த தகட்டில் 242 இருந்தது. பழைய பான்டியாக் கார்களின் ஃபேக்டரி பதிவுகளின் நகலைத் தரும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸிடமிருந்து வரவழைத்த பழைய பில் நகலும் பொருந்தியது. கார் அசல்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அந்தக் காகிதம் 1966ல் ஃபேக்டரியை விட்டு என்ன வெளியே வந்தது என்று மட்டும்தான் சொல்லும். அதற்கப்புறம் அந்தக் காரை என்ன பாடு படுத்தினார்கள் என்பது அதில் இருக்காது.

இன்னொரு நண்பனின் 1970 ஷெவெல் பின்னால் வர, அரிசோனாவின் செலிக்மனில் பழைய ரூட் 66 நெடுஞ்சாலையைப் பிடித்தோம். பீச் ஸ்பிரிங்ஸ், ஹாக்பெரி வழியாகக் கிங்மன் வரை ஒரு குறையும் இல்லை. ஆளில்லாத ரோடு, ஜன்னல் இறக்கி வி8 சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போவது தனி சுகம். கிங்மனைத் தாண்டி சிட்கிரீவ்ஸ் கணவாய் ஏறி ஓட்மனுக்கு இறங்கும் பாதை அப்படியில்லை. குறுகலான ரோடு, அடுத்தடுத்து கொண்டை ஊசி வளைவு, பல இடங்களில் ஓரத்தில் தடுப்பே கிடையாது.

இறக்கத்தில் பெடல் மெல்ல மெல்லக் கீழே போனது. அடுத்த வளைவுக்கு முன்னால் மிதித்தபோது தரையைத் தொட்டுவிட்டது, வண்டி நிற்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த நண்பன் பதறாமல் கியரை இரண்டுக்கும் பிறகு ஒன்றுக்கும் இறக்கி, பார்க்கிங் பிரேக்கை மிதித்து, மலைப்பக்கம் இருந்த மண் திட்டில் உரசி நிறுத்தினான். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். அவன் நிதானத்தால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இறங்கிப் பார்த்தால் பின் வலது சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் பிரேக் ஆயில்.

1966 ஜிடிஓவில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. எங்கே ஒரு இடத்தில் ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் பிரித்த மாஸ்டர் சிலிண்டர் 1967 மாடலில்தான் வந்தது. இப்படிப்பட்ட காரில் ‘பிரேக் புதிது’ என்று பொய் சொல்வது கொலைக்குச் சமம்.

கிங்மனில் ஒரு மெக்கானிக் டிரம்மைக் கழற்றிக் காட்டினார். வெளியே பளபளவென்று வெள்ளி பெயிண்ட். உள்ளே பிரேக் ஷூவை டிரம்மில் அழுத்தும் வீல் சிலிண்டர் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தது, பிரேக் ஷூ ஆயிலில் ஊறிக் கிடந்தது. முன்பக்க ரப்பர் ஹோஸ்களை வளைத்தால் வெடிப்பு தெரிந்தது. கார்ப்பெட்டைத் தூக்கினால், ஓட்டையான தளத்தின்மேல் தகரத்தை ரிவெட் அடித்து, கீழே கறுப்பு அண்டர்கோட்டிங் பூசியிருந்தார்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் பாடியில் காந்தம் ஒட்டவேயில்லை, அவ்வளவும் பட்டி. பாடியைச் சேஸிஸிலிருந்து யாரும் தூக்கவே இல்லை என்று அந்த மெக்கானிக், கழற்றிய அடையாளமே இல்லாத நட்டுகளைக் காட்டியே சொன்னார்.

வியாபாரியைக் கேட்டால், ‘ஆஸ் இஸ்’ (இருக்கிறபடியே, உத்தரவாதம் இல்லாமல்) என்று கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினீர்கள், பழைய கார் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். அப்புறம் விளம்பரத்தில் இருந்த பிரேக் வரியை எடுத்துவிட்டார். நல்லவேளை, எங்களிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. இதைப் பற்றி வெளியே பேச மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் பிரேக் செலவைத் தருவதாக இறங்கி வந்தார். நண்பன் மறுத்துவிட்டான். அரிசோனா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் விளம்பரம், மெக்கானிக்கின் அறிக்கை, போட்டோக்கள் எல்லாம் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம்.

ஃப்ரேம் ஆஃப் என்று யார் சொன்னாலும், வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்களைக் கேளுங்கள், வெறும் இரும்பு தெரியும் போட்டோ வேண்டும். பிரேக் பாகங்கள் வாங்கிய ரசீதையும் கேளுங்கள். வியாபாரிக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கைக் கூட்டிப்போய் காரை லிஃப்டில் ஏற்றி, நாலு டிரம்மையும் கழற்றச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத ஆளிடம் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.