மலை ரோட்டுக்கு வாடகை பைக் எடுக்குறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

மலை ரோட்ல ஒரு நாள் ரைடுக்காக வாடகைக்கு எடுத்தது, 350 சிசி, ஒத்த சிலிண்டர், டூயல் சேனல் ஏபிஎஸ் (சட்டுன்னு பிரேக் அடிச்சாலும் ரெண்டு சக்கரமும் பூட்டிக்காம பாத்துக்குறது). தாராளமா எடுக்கலாம், ஆனா சாவிய வாங்குறதுக்கு முன்னாடி டயர பாத்துடுங்க. முதல்ல குடுத்த வண்டி பளபளன்னு தான் இருந்துச்சு, குனிஞ்சு பின் டயர பாத்தா நடுவுல மட்டும் தேஞ்சு பலகை மாதிரி தட்டையா கெடக்கு, ரெண்டு ஓரமும் அப்படியே புதுசு. முழுக்க நேர் ரோட்லயே ஓடுன வண்டி. இந்த டயர் நேரா போறப்ப ஒன்னும் காட்டாது, வளைவுல சாய்க்கும்போது தான் தட்டையும் ஓரமும் சேர்ற அந்த விளிம்பு மேல ஏறி சட்டுன்னு உள்ள விழும், ஹேர்பின்ல, அதாவது கொண்டை ஊசி வளைவுல, அது வேணவே வேணாம். காட்டுனதும் மறுபேச்சு பேசாம வேற வண்டி குடுத்தாங்க, அதுக்கே பாதி மார்க்.

மாத்திக் குடுத்தது அருமையான வண்டி. கிளட்ச் லைட்டு, இன்ஜின் மெதுவா சுத்துற கீழ் ஆர்பிஎம்லயே நல்ல டார்க் (இழுவை), ஹேர்பின்ல செகண்ட் கியர்லயே மெதுவா சுத்தி வெளிய வந்து அப்படியே இழுக்குது. மேல போகப் போக காத்து மெலிசாகும்ல, பவர் குறையுறது எந்த வண்டிக்கும் உண்டு, ஆனா ஃபியூல் இன்ஜெக்ஷன்ங்கறதால அதுக்கேத்த அளவு பெட்ரோல அதுவே குறைச்சுக்குது, பழைய கார்புரேட்டர் வண்டின்னா அங்க திணற ஆரம்பிச்சிடும்.

ஆனா ஒன்னுங்க, மலை வண்டிக்கு ஏத்தத்த வச்சு மார்க் போடக்கூடாது, இறக்கத்துல போடணும். ஏறுன கியர்லயே இறங்குன்னு அனுபவஸ்தங்க சொல்றது சும்மா இல்ல, ஒத்த சிலிண்டர்ல இன்ஜின் பிரேக்கிங் அவ்ளோ நல்லா புடிக்குது, வளைவுக்கு முன்னாடி மட்டும் பிரேக்க தொட்டா போதும். விடாம புடிச்சிட்டே வந்தா சூடேறி பிரேக் ஆயில் கொதிச்சு லீவர் கைப்பிடி வரைக்கும் போயிடும், பிரேக் புடிக்காது. டாட் 4ங்கற தரத்து பிரேக் ஆயில் புதுசுல கொதிக்காம குறைஞ்சது 230 டிகிரி தாங்கணும், ஈரம் இழுத்த பழசுக்கு அந்த அளவு வெறும் 155 தான், அதனால எப்ப மாத்துனீங்கன்னு கேட்டேன், சர்வீஸ் நோட்ட எடுத்து தேதிய காட்டுனாங்க. இப்படிப்பட்ட கடைய நம்பலாம்.

ரோட்டப் பத்தி என்ன சொல்ல, ஒரு வளைவுல மரமெல்லாம் விலகி பள்ளத்தாக்கு மொத்தமா திறக்கும் பாருங்க, மேகம் நமக்கு கீழ கெடக்கும், கண்ண எடுக்கவே முடியாது. தயவுசெஞ்சு ஓரமா நிறுத்திட்டு பாருங்க, ஏன்னா கண்ணு போற பக்கம் தான் வண்டியும் போகும். சீட் நிமிந்து உக்கார்ற மாதிரி இருக்கறதால முதுகு வலி சுத்தமா இல்ல.

சரியில்லாதது ஹெல்மெட். வைசர் (முன்னாடி இருக்குற கண்ணாடி) முழுக்க கீறல், சாயங்கால வெயில் எதிர்ல அடிக்கும்போது ஒவ்வொரு கீறலும் மின்னி ரோடே தெரியல, ஆபத்து இது. உங்களோடத எடுத்துட்டு போங்க, கையுறையும் சேத்து, 1000 மீட்டர் ஏறுனா சுமார் 6 டிகிரி குறையும், விரல் மரத்துப்போனா லீவர்ல எவ்ளோ அழுத்துறோம்னே தெரியாது.

டெபாசிட் வண்டிய விட்ட உடனே திருப்பிக் குடுத்துட்டாங்க. கடைய மட்டும் காலைல இன்னும் சீக்கிரம் திறங்கப்பா, பனி மூடுறதுக்குள்ள மேல போய் சேரணும்ல.