ஸ்ட்ராவா: ஓட்டக் கணக்கை யாருக்குக் காட்டுவது?

ஓட்டமோ நடையோ, தூரத்தையும் வேகத்தையும் வரைபடத்தோடு நாலு பேருக்குக் காட்டும் செயலிதான் ஸ்ட்ராவா. நம்மைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு சோம்பலை விரட்டும், உண்மை. ஆனால் யார் பார்ப்பது என்பதை நீங்களே அமைக்க வேண்டும். அமைக்காமல் விட்டால் எல்லாரும் பார்ப்பார்கள்.

சிங்கப்பூரில் பெரும்பாலோர் தங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்திலேயே பதிவைத் தொடங்கி அங்கேயே முடிக்கிறார்கள். சில நாள் வரைபடக் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் எந்த புளோக், எத்தனை மணிக்கு வெளியே போகிறீர்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். தனியுரிமை அமைப்பில் 'மேப் விசிபிலிட்டி'க்குப் போய், வீட்டு முகவரியைச் சுற்றி மறைக்கும் தூரத்தைக் கூட்டுங்கள், 1.6 கிலோமீட்டர் வரை வைக்கலாம். தொடங்கிய நேரத்தையும் இதயத் துடிப்பையும் ஒவ்வொரு பதிவிலும் தனியே மறைக்க முடியும். தேசிய சேவையாளர்கள் ராணுவ முகாமுக்குள் பதிவு செய்யவே வேண்டாம். பல நாட்டு ராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகள் ஸ்ட்ராவா ஹீட்மேப்பில், அதாவது எல்லாருடைய பதிவுகளையும் சேர்த்துக் காட்டும் வரைபடத்தில், வெளிப்பட்டது 2018 ஜனவரியில் உலகச் செய்தியானது.

ஊக்கம் எங்கே கிடைக்கிறது? வேகப் பட்டியலில் இல்லை. அங்கே முதல் பத்து இடமும் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களுடையது. புதிதாகத் தொடங்குபவர் அதைப் பார்த்தால் மனம் விட்டுவிடுவார். 'லோக்கல் லெஜண்ட்' அப்படியல்ல. ஒரு பாதையில் கடந்த 90 நாளில் அதிக முறை போனவருக்கே அந்தப் பட்டம். பிடோக் நீர்த்தேக்கத்தை, ஒரு சுற்று சுமார் 4.3 கிலோமீட்டர், மெதுவாகத் தினமும் சுற்றும் அக்காவுக்கும் வாய்ப்பு உண்டு. அதைவிட நல்லது, தெரிந்த பத்துப் பேரோடு ஒரு கிளப். அதன் பட்டியல் வாராவாரம் புதிதாகத் தொடங்கும், பின்தங்கியவர் திங்கட்கிழமை எல்லாரோடும் சமமாக நிற்பார்.

மரினா பே பக்கம் காட்டும் வேகத்தை அப்படியே நம்பாதீர்கள். உயர்ந்த கட்டடங்களில் பட்டு ஜிபிஎஸ் சிக்னல் சிதறும், கோடு தண்ணீர் மேலேயும் போகும். திறந்தவெளியில் சிக்னல் பிடித்த பிறகே தொடங்குங்கள். ஆண்ட்ராய்டில் பாதிவழியில் பதிவு நின்றால், பேட்டரி சேமிப்பிலிருந்து செயலிக்கு விலக்குக் கொடுங்கள். நிறுத்த மறந்து எம்ஆர்டி ரயிலில் ஏறிவிட்டால், 'கிராப்' செய்து அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கிளப் பட்டியலே கெடும்.

யாருக்கும் காட்டப் பிடிக்காதவர்களுக்கு சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்த்தி 365 செயலி போதும். அதில் காலடிகள் புள்ளிகளாகும், புள்ளிகள் பற்றுச்சீட்டாகும்.