மாத்திரையா, டிரிப்ஸா? இரைப்பை பைபாஸுக்குப் பிறகு இரும்புச்சத்தைத் தக்கவைப்பது பற்றி

2019-ஆம் ஆண்டு எனக்கு, எடையைக் குறைப்பதற்காக இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கும் இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது 118 கிலோவாக இருந்த எடை இரண்டு ஆண்டுகளில் 72 கிலோவுக்கு வந்தது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்தன. அதற்காக அந்த அறுவையை இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் 2021-இன் தொடக்கத்தில் ஃபிரீசரில் ஐஸ் டிரேயை நிரப்பி வைப்பதும், அது முழுதாக உறைவதற்குள் திறந்து பார்ப்பதும், ஒரு நாளைக்கு மூன்று டிரே ஐஸை மென்று தீர்ப்பதும் என் வழக்கமாகிவிட்டிருந்தன. வெயிலால் வந்த ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐஸ், பச்சரிசி, மண் போன்றவற்றைத் தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைபாட்டின் அறிகுறி என்பது பிறகுதான் தெரிந்தது. பிப்ரவரியில் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 9.1 கிராம். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

அதன் பிறகு ஐந்து மாதங்கள் மாத்திரையும், அதிலிருந்து இன்றுவரை சிரை வழியாக ஏற்றும் இரும்புமாக இரண்டையும் நான் பார்த்துவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பைபாஸ் செய்துகொண்டு, மாதவிலக்கும் நிற்காத பெண்ணுக்கு, இரத்தசோகை வந்துவிட்ட பிறகு, டிரிப்ஸ்தான் சரியான வழி என்று நம்புகிறேன்.

உணவை ஒரு மாற்றாகவே வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. என் அம்மா முருங்கைக்கீரைச் சாறும், பேரீச்சையும், வாரம் ஒரு முறை சுவரொட்டியும் (ஆட்டின் மண்ணீரல்) செய்து கொடுத்தார். இவற்றில் சுவரொட்டிக்குத்தான் உண்மையான பயன் உண்டு. இறைச்சியில் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிட எளிதாக உடலில் சேரும். மேலும் ஆட்டுக்கறியின் நார் சிறிய இரைப்பையில் அடைத்துக்கொள்வதைப் போல மென்மையான சுவரொட்டி எனக்கு அடைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம் மட்டுமே உண்ணக்கூடிய ஒருவர், காலியாகிவிட்ட இருப்பை உணவால் நிரப்பிவிட முடியாது. உணவு, குறைவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

மாத்திரை ஏன் பைபாஸ் செய்தவர்களிடம் தடுமாறுகிறது என்பதற்கான காரணம் அறுவையிலேயே இருக்கிறது. நாம் உண்ணும் இரும்பில் பெரும்பகுதி, இரைப்பையை ஒட்டிய முன்சிறுகுடலிலும் அதை அடுத்த சிறுகுடலின் மேற்பகுதியிலும்தான் உறிஞ்சப்படுகிறது. உணவு அந்த வழியைத் தொடாமல் போகும்படி செய்வதுதான் பைபாஸ். தாவர உணவில் உள்ள இரும்பை உறிஞ்சத்தக்க வடிவத்துக்கு மாற்றுவதற்கு அமிலம் வேண்டும். புதிதாக அமைத்த சிறு பையில் அமிலம் மிகக் குறைவு, அதையும் புண் வராமல் இருப்பதற்காகக் கொடுக்கும் பான்டோபிரசோல் போன்ற மாத்திரை அடக்கிவிடுகிறது. எனக்கு முதலில் எழுதித் தரப்பட்டது குடலில் போய்க் கரையும் பூச்சுள்ள மாத்திரை. உறிஞ்சும் இடத்தைத் தாண்டிய பிறகு கரைவதால் இருக்கிற சிறு வாய்ப்பும் அதில் வீணாகிறது. பைபாஸ் செய்தவர்கள் மருந்துக் கடையில் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

அடுத்து நாளின் கடிகாரம். கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் கால்சியம் தேவை. அதையும் ஒரே வேளையில் எடுக்க முடியாது, பிரித்துத்தான் எடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரம். தேநீரும் காபியும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது தனி விதி. இவற்றையெல்லாம் பொருத்தி ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தேன்: காலை 5.30 தைராய்டு, 7 மணி தேநீர், 8 மணி இட்லி, 10.30 இரும்பு, சர்க்கரை சேர்க்காத எலுமிச்சைச் சாறுடன், 1 மணி மதிய உணவும் கால்சியமும், 4 மணி தேநீர், 6 மணி இரண்டாவது இரும்பு, 8.30 இரவு உணவும் இரண்டாவது கால்சியமும். அலுவலகத்தில் ஒரு கூட்டம் அரை மணி நேரம் நீண்டாலோ, உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில் ஒரு டம்ளர் காபி நீட்டப்பட்டாலோ அந்த நாளின் வரிசை குலைந்துவிடும்.

அப்படியும் ஐந்து மாதங்கள் விடாமல் எடுத்தேன். ஒரு மாத்திரையில் 100 மில்லிகிராம் இரும்பு, நாளொன்றுக்கு இரண்டு. அமெரிக்காவின் உடல் பருமன் அறுவை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறைபாடு வந்தவர்களுக்கு நாள்தோறும் 150 முதல் 200 மில்லிகிராம் வரை கொடுக்கச் சொல்கிறது. அந்த அளவைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இரும்பு உள்ளே போனவுடன் கல்லீரலிலிருந்து ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, ஏறத்தாழ ஒரு நாள் வரை அடுத்த வேளையின் இரும்பைத் தடுக்கிறது என்றும், அதனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுத்தால் உறிஞ்சும் விகிதம் கூடுகிறது என்றும் சூரிச் நகர ஆய்வாளர்கள் 2017-இல் காட்டியிருந்தார்கள். கடைசி இரண்டு மாதங்கள் அப்படியும் மாற்றிப் பார்த்தேன். அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் குடல் அமைப்பு மாறாத இளம்பெண்கள் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். ஜூலையில் ஹீமோகுளோபின் 8.4 ஆகக் குறைந்திருந்தது. அன்றுதான் முதன்முறையாக, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்தார்கள்: 5 நானோகிராம். 30-க்குக் கீழே போனாலே இருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அறுவைக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் யாரும் எனக்கு அந்தச் சோதனையை எழுதவில்லை என்பது இன்னும் மனத்தில் ஆறாத குறையாகவே இருக்கிறது. ஹீமோகுளோபின் கடைசியில் விழுவது. ஃபெரிட்டின் அதற்குப் பல மாதங்கள் முன்பே விழுந்துவிடும்.

மாத்திரையின் பக்கவிளைவுகளான மலச்சிக்கலும் குமட்டலும் எல்லோரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும்; பைபாஸ் செய்தவர்களுக்குச் சிறு பையும் குடலும் இணையும் இடத்தில் புண் வந்து இரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்பாகத்தான் போகும். ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போனால், உறிஞ்சவில்லை என்று முடிவு கட்டும் முன் கசிவு இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பது நல்லது. எனக்கும் செய்தார்கள், புண் இல்லை. பி12, ஃபோலிக் அமிலம், தாமிரம் ஆகியவற்றின் குறைவாலும் இரத்தசோகை வரும் என்பதால் அவற்றையும் சேர்த்தே பார்த்தார்கள்.

டிரிப்ஸில் எனக்குக் கொடுக்கப்பட்டது ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ். எவ்வளவு தேவை என்பதை மருத்துவர் என் கண் முன்னே ஒரு தாளில் கணக்கிட்டார்: எடை 72 கிலோ, எட்ட வேண்டிய 15-க்கும் இருக்கிற 8.4-க்கும் உள்ள வித்தியாசம் 6.6, இவ்விரண்டையும் பெருக்கி 2.4-ஆல் பெருக்கி, இருப்புக்காக 500-ஐக் கூட்டினால் 1,640 மில்லிகிராம். அதை 1,500 என்று வைத்துக்கொண்டு, முதல் வாரம் 1,000, அடுத்த வாரம் 500 என்று ஏற்றினார்கள். முதல் நாள் கறுப்புத் தேநீர் நிறத்தில் தொங்கிய அந்தப் பை இருபது நிமிடங்களில் காலியானது. அதன் பிறகு ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் படுக்க வைத்தார்கள். ஐஸ் மெல்லும் ஆசை ஐந்தாம் நாளே நின்றுவிட்டது. ஆறு வாரங்களில் ஹீமோகுளோபின் 12.1. எட்டாவது வாரம் பார்த்த ஃபெரிட்டின் 160. ஏற்றிய நான்கு வாரங்களுக்குள் ஃபெரிட்டின் பார்த்தால் பொய்யாக உயர்ந்து தெரியும் என்பதால் அதற்கு முன் சோதிக்கக் கூடாது.

வேகத்துக்காக மட்டும் நான் இதைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்த அலசலை எழுதியிருக்க மாட்டேன். என் தீர்மானத்துக்கு உண்மையான காரணம் பராமரிப்பு: ஏற்றிய இரும்பு எவ்வளவு காலம் நிற்கும், அதைக் காப்பதற்கு என்னிடமிருந்து எவ்வளவு கேட்கும் என்பதுதான். இதை வீட்டு வரவு செலவு போலக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. எனக்கு மாதவிலக்கில் போக்கு அதிகம். 80 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டாலே மாதம் 40 மில்லிகிராம் போய்விடும். தோல், குடல் ஆகியவற்றின் வழியாக நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் போவது எல்லோருக்கும் பொது. அது மாதத்துக்கு 30. ஆகச் செலவு 70. உணவிலிருந்து நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் சேர்கிறது என்று கொண்டால் வரவு 30. மாதம் 40 மில்லிகிராம் பற்றாக்குறை. ஏற்றிய 1,500-இல் ஆயிரம் வரை இரத்த அணுக்களுக்கே போய்விட, இருப்பில் நின்றது 500 என்றால், அது ஏறத்தாழ ஓராண்டுக்கு வரும். கணக்கு தோராயம்தான், ஆனால் பதினான்காவது மாதத்தில் என் ஃபெரிட்டின் 22-க்கு வந்திருந்தது, அப்போது ஹீமோகுளோபின் இன்னும் 12-க்கு மேலேதான் இருந்தது.

இதே பற்றாக்குறையை மாத்திரையால் ஈடுகட்ட வேண்டுமானால் உறிஞ்சுமிடம் இழந்த குடலிலிருந்து நாள் தவறாமல் இன்னும் ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் எடுத்தாக வேண்டும். எடுத்ததா இல்லையா என்று மூன்று மாதங்கள் கழித்துத்தான் தெரியும். டிரிப்ஸில் கேட்கப்படுவது வேறு: நான்கு மாதங்களுக்கு ஒரு முறை ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) பார்ப்பது, ஃபெரிட்டின் 30-க்கு இறங்கியதும், ஹீமோகுளோபின் விழும் வரை காத்திராமல், மறுபடி ஏற்றிக்கொள்வது. ஒன்று ஆண்டு முழுவதும் ஒவ்வொரு நாளும் நினைவில் வைத்திருக்க வேண்டியது. மற்றொன்று ஆண்டுக்கு மூன்று இரத்தப் பரிசோதனையும் ஒரு முற்பகலும். செலவைக் குறைக்கும் வழியையும் இந்தக் கணக்குதான் காட்டியது. மகப்பேறு மருத்துவரிடம் போய் ஹார்மோன் கருத்தடை வளையம் வைத்துக்கொண்டேன். போக்கு பெருமளவு குறைந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது பணம். மாத்திரை மாதம் சில நூறு ரூபாயில் முடியும். டிரிப்ஸுக்கு மருந்து, மருத்துவமனைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரே நாளில் சில ஆயிரங்கள் ஆகும். விலை குறைந்த அயர்ன் சுக்ரோஸ் உண்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு அதைப் பல ஆண்டுகளாக ஏற்றி வந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு முறைக்கு 200 மில்லிகிராம்தான் ஏற்றுவது வழக்கம் என்பதால், என் கணக்குக்கு ஏழெட்டு முறை போய் வர வேண்டியிருந்திருக்கும்.

இரண்டாவது பாஸ்பேட். இரண்டாம் முறை 1,000 மில்லிகிராம் ஏற்றிய மூன்றாவது வாரம், மாடிப்படி ஏறுகையில் தொடைகளில் வலு இல்லை. இரும்பு போதவில்லை என்று நினைத்தேன். சோதித்தபோது ஹீமோகுளோபின் நன்றாக இருந்தது, பாஸ்பேட் 1.9-க்கு இறங்கியிருந்தது, 2.5-க்குக் கீழே இருப்பது குறைவு. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் ஒரு ஹார்மோனை உயர்த்திப் பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேறச் செய்கிறது. 2020-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த இரண்டு ஆய்வுகளில் இம்மருந்து பெற்றவர்களில் நான்கில் மூன்று பேருக்குப் பாஸ்பேட் குறைந்தது. சிரை வழியாக ஏற்றும் மற்றொரு இரும்பு மருந்தான அயர்ன் ஐசோமால்டோசைடு பெற்றவர்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு மட்டுமே. பைபாஸ் செய்தவர்களுக்கு வைட்டமின் டி ஏற்கெனவே குறைவாக இருக்கும் என்பதால் இது எலும்பைத் தொடும் விஷயம். எனக்குச் சில வாரங்களில் சரியாகிவிட்டது. இப்போது ஏற்றுவதற்கு முன் வைட்டமின் டி-யும் பாஸ்பேட்டும் பார்த்துவிடுகிறேன். அடுத்த முறை ஐசோமால்டோசைடு கேட்க இருக்கிறேன்.

மூன்றாவது, ஊசி போடும் இடம். முதல் முறை ஊசி சற்று நகர்ந்து மருந்து தோலடியில் கசிந்ததில், இடது முழங்கையின் உட்புறம் ஒரு ரூபாய் நாணய அளவில் துருப்பிடித்தது போன்ற கறை விழுந்தது. அது இன்னும் போகவில்லை. எரிச்சல் தோன்றிய அந்த நொடியே செவிலியரை அழைத்திருக்க வேண்டும். தீவிர ஒவ்வாமை அரிதுதான் என்றாலும் வந்தால் நிமிடங்களில் உயிரைக் காக்க வேண்டியிருக்கும் என்பதால், அதற்கான வசதி உள்ள மருத்துவமனையில்தான் ஏற்ற வேண்டும். வீட்டுக்கு வந்து டிரிப்ஸ் போடுகிறவர்களிடம் இரும்பை ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போதும், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் இதைத் தவிர்ப்பார்கள்.

மாத்திரைக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரைப்பையைக் குழாய் போலக் குறுக்கும் ஸ்லீவ் அறுவை செய்தவர்களுக்கு முன்சிறுகுடல் வழி அப்படியே இருக்கிறது, அமிலம்தான் குறைவு. ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் மாதாந்தரச் செலவு என் செலவில் பாதிகூட இல்லை. ஃபெரிட்டின் சற்றே குறைந்து ஹீமோகுளோபின் விழாதிருக்கும் நிலையில் அவர்கள் மாத்திரையில் தொடங்குவது நியாயம்தான். என் அனுபவம் அவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஒழுங்காக எடுத்தும் ஃபெரிட்டின் நகரவில்லை என்றால் மட்டும், ஐந்து மாதங்கள் நான் காத்திருந்தது போலக் காத்திருக்க வேண்டாம். தடுப்புக்கான 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பை நானும் நாள்தோறும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பூச்சில்லாத ஒற்றை மாத்திரை, காலை 10.30-க்கு. ஃபிரிட்ஜ் கதவில் இப்போது இரும்புக்கு அந்த ஒரு வரிதான். அதற்குக் கீழே அடுத்த ஃபெரிட்டின் சோதனைக்கான தேதியை எழுதி வைத்திருக்கிறேன்.