டியூப் போடுவதா, ரிம்மைச் சுரண்டி அடைப்பதா?

மூன்று நாளைக்கு ஒருமுறை காற்றடித்தே ஓர் உழவுப் பருவத்தை ஓட்டிவிட்டேன். டிராக்டரின் வலப்பக்கப் பின்சக்கரம், டியூப்லெஸ், அதாவது உள்ளே டியூப் இல்லாத வகை. ஆணி இல்லை, முள் இல்லை, கிழிசலும் இல்லை. ஆனால் காலையில் பார்த்தால் அந்தப் பக்கம் மட்டும் அமுங்கி நிற்கும். பஞ்சர் கடையில் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்காமல் "டியூப் போட்டுவிடுங்கள்" என்றார்கள். நான் போடவில்லை. டயரைப் பிரித்து, ரிம்மைச் சுத்தம் செய்து நானே அடைத்தேன். ஆகவே கீழே எழுதுவதில் என் சாய்வு தெரியத்தான் செய்யும்.

முதலில் கசிவு எங்கே என்று பார்க்க வேண்டும். சோப்பு நீரை வால்வின் வாயில், வால்வு ரிம்மில் நுழையும் அடியில், ரிம்மின் வெல்டிங் தையலில், கடைசியாக டயரும் ரிம்மும் சேரும் வட்டம் முழுக்க ஊற்றிப் பாருங்கள். அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது. எனக்குக் கால் மணி நேரம் கழித்துத்தான், வெளிப்பக்க விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு, கடுகு கடுகாக வெள்ளை நுரை பூத்தது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் துருதான். டயரின் உள்விளிம்பில் கம்பி வைத்துத் தடித்திருக்கும் பகுதியைப் பீடு என்பார்கள். அதை ரிம்மோடு அழுத்திப் பிடிப்பது உள்ளே இருக்கும் காற்று. காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ என்ற அளவில் சொல்வார்கள். கார் டயரில் 30 பிஎஸ்ஐக்கு மேல் காற்று இருக்கும்; டிராக்டர் பின்டயரோ வயலில் பெரும்பாலும் 12 முதல் 20 பிஎஸ்ஐக்குள் ஓடுவது. பிடி அவ்வளவு தளர்வு என்பதால், ரிம்மில் துரு ஏடு கிளம்பினால் அந்தச் சந்தே காற்றுக்கு வழியாகிவிடும்.

வெளியிலிருந்து பஞ்சர் கயிறு செருகுவது, தரையில் படும் பகுதியில் ஆணி ஏறிய துளைக்கு மட்டுமே சரி. பக்கச் சுவரில் அதைச் செய்யக் கூடாது. உள்ளே ஒட்டும் பேட்ச் அதைவிட உறுதி. விளிம்புக் கசிவுக்கு இரண்டாலும் பயனில்லை.

அடைப்புத் திரவத்தைப் பலர் சொல்வார்கள். வால்வு வழியே ஊற்றி வண்டியை ஓட்டினால் வேலை முடிந்தது என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சக்கரம் சுழலும்போது திரவம் வெளிவட்டத்துக்குத்தான் ஒதுங்கும். பீடு இருப்பதோ உள்வட்டத்தில். டிராக்டர் நின்றால் எல்லாம் அடியில் தேங்கிவிடும். பிறகு ஒரு நாள் பேட்ச் ஒட்டலாம் என்று பிரித்தால், உள்ளே கூழ் அப்பிக்கிடக்கும். அதை முழுக்கத் துடைத்தெடுக்காமல் பசை பிடிக்காது. வயல் நடுவே அன்றைய பொழுதை ஓட்ட உதவும், அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பவை இரண்டு: டியூப் போடுவது, ரிம்மைச் சுரண்டி அடைப்பது. டியூப் போட்டால் அன்றே கசிவு நிற்கும், இதை மறுக்க முடியாது. என் மனத்தை மாற்றியது அதற்குப் பிந்தைய பராமரிப்பு. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் ரப்பர் அதைக் கவ்விக்கொள்ளும். காற்று மெல்ல இறங்கும். சக்கரத்தைக் கழற்றாமலே கயிறு செருகிவிட்டு வேலையைத் தொடரலாம். டியூப் போட்ட டயரில் அதே ஆணி ஏறினால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் விளிம்பைப் பெயர்த்து, டியூபை உருவி, ஒட்டி, மறுபடி திணிக்க வேண்டும். நெல்லோ சோளமோ அறுத்த தாள்கட்டையில் ஓட்டுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, துரு அப்படியே இருக்கும். டியூப் காற்றைப் பிடித்துக்கொள்வதால் நமக்கு அது மறந்துபோகும். வால்வுத் துளை வழியே புகும் சேற்று நீர் டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவே தங்கிவிடும். பிறகு அந்தத் துரு ஏடுகளே டியூபை அறுக்கும். நோயைப் போர்வையால் மூடுகிற வேலை.

டியூபுக்கும் நியாயம் உண்டு. ரிம் துருப்பிடித்து ஓட்டை விழும் அளவுக்கு அரித்திருந்தால் சுரண்டிப் பயனில்லை. சக்கரத்துக்குப் பாரம் கூட்ட டயருக்குள் கால்சியம் குளோரைடு என்ற உப்பின் கரைசலை நிரப்புகிறவர்களுக்கு, ரிம்மை உப்பு தின்னாமல் தடுப்பது டியூப்தான், அது கசியாத வரைக்கும்.

இனி நான் செய்தது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அச்சை ஜாக்கியில் தூக்கி, கீழே தாங்கி கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க வெளியேற்றினேன். தட்டையான ஆப்பை விளிம்பில் இறக்கி, சோப்பு நீர் விட்டு, சாண் சாணாக நகர்ந்தேன். பீடு பெயரவே இரண்டு மணி நேரம். பெயர்ந்த இடத்தில் மரக்கட்டை செருகினேன். இல்லையென்றால் டயர் விரலைக் கடித்துவிடும்.

உள்ளே கண்டது, காய்ந்த வெங்காயச் சருகு போல ஏடு ஏடாகத் துரு. கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள், விரல் தடவினால் தட்டாத வரைக்கும். குழிகள் மேல் மெல்லியதாகப் பெயின்ட் பூசி ஒரு நாள் காயவிட்டேன். பீடின் ரப்பரிலும் துரு அப்பியிருக்கும். அதைத் துடைக்காமல் விட்டால் பாதி வேலைதான். பிறகு பீடுக்கென்றே விற்கும் கறுப்பு அடைப்புக் குழம்பைச் சுற்றிலும் பூசினேன். வழுக்கலுக்குக் கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தொடவேண்டாம், ரப்பரைக் கெடுக்கும். கையோடு வால்வையும் புதிதாக மாற்றிவிட்டேன்.

காற்றடித்தால் எல்லாம் சந்து வழியே புஸ்ஸென்று போனது. டயரின் மேல் வட்டத்தில், லாரியில் சரக்கு கட்டும் பட்டையைச் சுற்றி இறுக்கியதும், பக்கங்கள் பிதுங்கி ரிம்மைத் தொட்டன. தொட்டதும் பட்டையைத் தளர்த்தி எடுத்துவிட வேண்டும். நீண்ட குழாயோடு ஒதுங்கி நின்றே காற்றடியுங்கள். பீடு உட்கார 35 பிஎஸ்ஐக்கு மேல் ஒருபோதும் போகாதீர்கள். உட்காரவில்லையா, காற்றை இறக்கி, சோப்பு நீர் விட்டு மறுபடி முயலுங்கள். எரியும் திரவத்தைத் தெளித்துக் கொளுத்தும் வித்தை வேண்டவே வேண்டாம், உயிரைக் குடிக்கும். டயர் ஓரத்தில் வார்த்திருக்கும் கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

நான் செய்தது ஒரே ஒரு டயரில், அதுவும் வெளிப்பக்கத்தில். உள்பக்கம் கசிந்தால் சக்கரத்தையே இறக்க வேண்டியிருக்கும். அதை நான் செய்ததில்லை. தண்ணீர் நிரப்பிய பின்டயர் பல நூறு கிலோ கனக்கும், அதை வீட்டில் தொட நான் துணிய மாட்டேன்.

இரண்டு பருவம் ஆகிவிட்டது. வலப்பக்கச் சக்கரத்துக்கு இப்போது மாதம் ஒருமுறை அளவு பார்ப்பதோடு சரி. போன வாரம் சும்மா இடப்பக்கத்திலும் சோப்பு நீர் ஊற்றிப் பார்த்தேன். வால்வின் அடியில் ஒரே ஒரு குமிழி, ஊதி ஊதி உடைந்துகொண்டிருந்தது.