பான்டொக்கும் பாமினிக் கோப்பும்: நெடுநாள் பாவனையில் தெரிந்தவை

இறந்தவரின் 31ஆம் நாளுக்கு அச்சடித்த நினைவு மலரை ஈபப் என்ற மின்னூல் ஆக்கி வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்ப வேண்டும், பான்டொக் போதுமா என்று சிநேகிதர் ஒருவர் கேட்டிருந்தார். அச்சகம் கொடுத்த வேர்ட் கோப்பு கையில் இருக்கிறதாம். எழுத்துரு பாமினி. யாழ்ப்பாணத்தில் வேறென்னவாக இருக்கும்?

பான்டொக்கை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பேர்க்லியில் மெய்யியல் கற்பிக்கும் ஜோன் மக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள், கறுப்புத் திரையில் கட்டளை கொடுத்தால் ஒரு வடிவக் கோப்பை இன்னொன்றாக்கித் தரும். யுனிகோட்டில், அதாவது தமிழுக்கென்றே தனிக் குறியீடுகள் உள்ள முறையில், இருக்கும் வேர்ட் கோப்பைக் கொடுத்தால் அது செய்கிற வேலைக்குக் குறை சொல்ல மனம் வராது. தலைப்பு தலைப்பாகவே வரும், அடிக்குறிப்பு இடம் மாறாது. தேவாரத்தை ஷிஃப்ட் என்டர் அடித்து வரி பிரித்திருந்தால் அந்த வரிகள் மார்க்டவுனில் (தலைப்பு, தடிப்பு எல்லாவற்றையும் சிறு குறிகளால் காட்டும் உரை வடிவம்) அப்படியே நிற்கும். வெறும் என்டர் அடித்திருந்தால் ஒவ்வொரு வரியும் தனிப் பந்தியாகிவிடும், அது ரைப் பண்ணினவரின் குற்றம்.

எரிச்சல் தொடங்குவது பாமினியில். பான்டொக் வேர்ட் கோப்பை வாசிக்கும்போது எழுத்துருவின் பெயரை எறிந்துவிடுகிறது. யுனிகோட்டுக்கு அது நட்டமில்லை. பாமினியில் தமிழ் என்பதே ஆங்கில எழுத்துகளுக்குப் போட்ட வேஷம் என்பதால், எழுத்துருப் பெயர் போனால் எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று பிரிக்க வழியில்லை. டைம்ஸ் எழுத்துருவில் இருந்த ரொறன்ரோ முகவரியும் பாமினியில் இருந்த பதிகமும் ஒரே குப்பையாக வரும். அதை யுனிகோட் மாற்றிக்குள் போட்டால் முகவரி வாயில் நுழையாத தமிழாகிவிடும்.

இதைவிட மோசம் மார்க்டவுன் வெளியீடு. பாமினியில் ஜ என்பது திறக்கும் சதுர அடைப்பு, ஸ என்பது மூடும் சதுர அடைப்பு, ஷ என்பது பின்சாய்கோடு. மார்க்டவுனில் சதுர அடைப்புக்கு வேறு பொருள் உண்டு என்பதால் பான்டொக் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பின்சாய்கோட்டை நட்டுவிடும். பிறகு யுனிகோட்டுக்கு மாற்றினால் சரஸ்வதி ‘சரஷஸ்வதி’ ஆவார். ராஜேஸ்வரியின் பாடு இன்னும் கேவலம்: ஏகாரக் கொம்பு புதிதாக நட்ட ஷவில் தொற்றிக்கொண்டு ‘ராஷேஜஷஸ்வரி’ என்று வரும். இதை நினைவு மலரில் யாருக்குக் காட்டுவது? வெறும் உரையாக வெளியிடச் சொன்னால் பின்சாய்கோடு வராது, ஆனால் தடித்த எழுத்தும் தலைப்பு அடையாளமும் போய்விடும்.

நியாயமாகச் சொன்னால் இது பான்டொக்கின் பிழையல்ல. தன் உள்வடிவம் பல கோப்பு வடிவங்களைவிடச் சுருக்கமானது, மாற்றத்தில் சில விடயங்கள் விடுபடும் என்று கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்டைல் பெயர்களைக் காப்பாற்றும் நீட்சியும் இருக்கிறது. பாமினிக்கென்று ஒரு ஸ்டைல் வைத்திருந்தால் லுவா வடிகட்டி (பான்டொக்கோடு ஓடும் சிறு நிரல்) எழுதி அந்தப் பகுதியை மட்டும் மாற்றலாம். ஆனால் எந்த அச்சகத்தில் ஸ்டைல் வைத்து ரைப் பண்ணுகிறார்கள்? மவுஸால் இழுத்து, எழுத்துருவைத் தெரிந்து, அடுத்த பக்கம். அந்த நேரடி எழுத்துருவைத்தான் பான்டொக் கண்டுகொள்வதில்லை.

ஆகவே யுனிகோட் மாற்றம் பான்டொக்குக்கு முன்னரே முடிய வேண்டும். பழைய டொக் கோப்பைப் பான்டொக் வாசிக்காது, முதலில் லிப்ரே ஒஃபிஸில் திறந்து டொக்எக்ஸ் ஆக்குங்கள். டொக்எக்ஸ் சுருக்கிக் கட்டிய ஒரு சிப் (zip) பொதிதான். பிரித்தால் உள்ளே வேர்ட் என்ற அடைவில் எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். அவற்றில் எழுத்துரு பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் சிறிய பைதன் நிரலால் மாற்றலாம். துண்டில் எழுத்துருப் பெயரே இல்லாவிட்டால் ஸ்டைல் கோப்பையும் பாருங்கள், சிலவேளை நோர்மல் ஸ்டைலே பாமினியாக இருக்கும்.

சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. வேர்ட் ஒரு சொல்லையே பல துண்டாக உடைத்து வைக்கும். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் வருவதால், கொம்பு ஒரு துண்டிலும் மெய் அடுத்த துண்டிலும் நின்றால் யுனிகோட் மாற்றி நிரல் தடுமாறும். ஒரே எழுத்துருவில் அடுத்தடுத்து வரும் துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். மாற்று அட்டவணையில் நீளமானது முதலில்: கொ, பிறகு கெ, பிறகு கா. ஒழுங்கு தவறினால் கெ தனியாகவும் கால் தனியாகவும் நிற்கும். பார்வைக்குக் கொ போலவே தெரியும், தேடினால் அகப்படாது. ஐசியூ என்ற யுனிகோட் மென்பொருள் பொதியில் வரும் யூகொன்வ் கருவியில், பிரிந்து நிற்கும் குறிகளைச் சேர்க்கும் என்எவ்சி சீராக்கம் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகும்.

சீராக்கம் தொடாதது ஔகாரம். கௌரியை ‘கெளரி’ என்று ளகரத்தால் ரைப் பண்ணியிருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் தெளிவும் வெள்ளமும் கெளுத்தி மீனும் சேர்ந்து கெடும். மௌனம், சௌந்தரம், கௌரவம் என்று சொற்பட்டியல் வைத்து செட் என்ற தேடி மாற்றும் கட்டளையால் மாற்றுவதுதான் வழி. அதற்கு முன் வரி மடிப்பை நிறுத்துங்கள். பான்டொக் சும்மா விட்டால் 72 எழுத்தகலத்தில் வரியை உடைக்கும். முதற்பெயர் ஒரு வரியிலும் தந்தை பெயர் அடுத்த வரியிலும் கிடந்தால் வரி வரியாகத் தேடும் கிரெப் கட்டளைக்கு முழுப்பெயர் தெரியாது.

பிடிஎஃப் வேண்டுமென்றால் பான்டொக் இயல்பாக ஓட்டும் பிடிஎஃப்லேடெக் என்ற அச்சுக்கோப்பு நிரல் தமிழ் எழுத்தைக் கண்டதுமே பிழை காட்டி நின்றுவிடும். அதற்குப் பதில் யுனிகோட் தெரிந்த ஸீலேடெக்கைத் தெரிந்து, தமிழ் எழுத்துருவைக் குறித்து, அதன் தெரிவில் ஸ்கிரிப்ட் தமிழ் என்றும் கொடுங்கள். இல்லாவிட்டால் கொம்புகள் இடம் மாறி நிற்கும்.

சிநேகிதருக்குப் பதில்: ஒரேயொரு மலர், அதுவும் நாற்பது பக்கத்துக்குள் என்றால் இந்த வித்தை ஒன்றும் வேண்டாம். யுனிகோட்டில் திருப்பி ரைப் பண்ணுவியுங்கள், செலவும் தலையிடியும் குறைவு. பழைய மலர்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தால் மட்டும் பைதனோடு மல்லுக்கட்டலாம். ரைப் பண்ணினதை ஈபப் ஆக்க எதைப் பாவிக்கிறது என்று கேட்டால், பான்டொக்தான். இவ்வளவு திட்டிய பிறகும் அந்த வேலைக்கு வேறொன்றைச் சொல்ல மனம் வரவில்லை. அட்டைப்படத்தைத் தனித் தெரிவாகக் கொடுக்க வேண்டும். தமிழ் எழுத்துருவை உள்ளே பதித்தால் தோற்றத்தைக் குறிக்கும் சிஎஸ்எஸ் கோப்பிலும் அதன் பெயரைக் குறியுங்கள், பதிப்பது மட்டும் போதாது.