ஹாஸ்டலா, வெளியில ரூமா? சிட்டி மெடிக்கல் காலேஜ்ல ரெண்டுலயும் இருந்து பாத்தாச்சு

மொத ரெண்டு வருஷம் வெளியில ரூம், மூணாவது வருஷத்துலேர்ந்து ஹாஸ்டல். அதனால நடுநிலையா எல்லாம் பேச மாட்டேன், ஹாஸ்டல் பக்கம்தான் சாய்வேன், இப்பவே சொல்லிடுறேன்.

செலவு, சாப்பாடு, பிரைவசி பத்தி புதுசா சொல்ல ஒன்னுமில்ல. ரூம்னா காசு கூட, ஹாஸ்டல்னா பாத்ரூமுக்கு க்யூ. அவ்ளோதான்.

வெளி ரூம் நல்லா இருந்தது மொத வருஷம்தான். அனாட்டமி, ஃபிசியாலஜி எல்லாம் டைம்டேபிள்படி நடக்கும், டிசெக்ஷன் ஹால்ல ஃபார்மலின்ல கண்ணெரிஞ்சு வந்து குளிச்சிட்டு கதவ சாத்தினா கைக்குப் போற நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸ, தண்டுவட நரம்பு சி5லேர்ந்து டி1 வரைக்கும், அமைதியா வரைஞ்சு வரைஞ்சு பாக்கலாம், யாரும் வந்து தட்ட மாட்டாங்க. ஆனா வைவால, அதாவது வாய்மொழித் தேர்வுல, மாட்டினேன். எலும்ப கையில குடுத்து ரைட்டா லெஃப்டானு கேட்டா தெரிஞ்சதே வாய்ல வரல. ஹாஸ்டல் பசங்க ராத்திரி ஒருத்தர ஒருத்தர் கேட்டு கேட்டே பழகியிருந்தாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். என்னைப் பொறுத்தவரை எல்லாத்தையும் முடிவு பண்றது வார்டுக்கும் உங்க கட்டிலுக்கும் நடுவுல இருக்குற தூரம்தான், ஏன்னா வார்டுல பேஷன்ட பாத்துப் படிக்கிற கிளினிக்கல் போஸ்டிங் ஆரம்பிச்சதும் டைம்டேபிள் பேச்சுக்கு மட்டும்தான் இருக்கும். லேபர் ரூம் போஸ்டிங்ல மொத பிரசவம் ஒன்னு, கர்ப்பப்பை வாய் நாலு சென்டிமீட்டர் திறந்திருந்தது. மொத குழந்தைனா அங்கேர்ந்து பத்து வர பல மணி நேரம் ஆகலாம்ல, கொஞ்சம் தூங்கிட்டு வரலாம்னு ரூமுக்குப் போயிட்டேன். ஃப்ரெண்ட் போன் பண்ணப்போ எழுந்து ஓடி, வண்டி கெடைக்காம நின்னு, போய்ச் சேந்தா குழந்தை அழுதுட்டு இருக்கு, நஞ்சுக்கொடியும் வெளிய வந்தாச்சு. பாத்த கேஸ எழுதி வெக்கிற என் லாக்புக்ல அந்த வரி காலி. அவன் ஹாஸ்டல், செருப்ப மாட்டிட்டு அஞ்சு நிமிஷத்துல வந்து நின்னிருக்கான்.

இன்னொன்னு, காலைல ரவுண்ட்ஸ்ல ஒரு மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதய வால்வு சுருங்கிப் போறது) பேஷன்ட சுத்தி இருபது பேர் நின்னா யாருக்கும் மர்மர், அதாவது அந்த வால்வுல ரத்தம் போற சத்தம், கேக்காது. சாயந்திரம் வார்டு அடங்கினப்புறம் பேஷன்ட்கிட்ட கேட்டு, அவர இடது பக்கம் திரும்பி படுக்கச் சொல்லி, ஸ்டெத்தோட பெல் பக்கத்த (குழிவான சின்னப் பக்கம்) இதயத்தோட கீழ் நுனியான ஏபெக்ஸ்ல லேசா வெச்சா அந்த உறுமல் கேக்கும். ஹாஸ்டலுக்கு மாறின அப்புறம்தான் நான் மொத தடவ ஒழுங்கா கேட்டேன். வெளியில இருந்தப்போ அந்த நேரம் பஸ்ல தொங்கிட்டு இருப்பேன். பஸ்லயே ஃப்ளாஷ்கார்டு பாத்துக்கலாம்னு சிலர் சொல்வாங்க, ஒரு கையில கம்பியப் பிடிச்சிட்டு பாத்துப் பாருங்க தெரியும்.

ஹாஸ்டல்ல குறை இல்லாம இல்ல. பரீட்சைக்கு முந்தின ராத்திரி பக்கத்து ரூம்ல யாருக்காவது பர்த்டே வரும், படிச்சது மண்டையில தங்கணும்னா தூக்கம் வேணும், அது போச்சு. சாப்பிடும்போதும் கேஸ் பேச்சுதான். அதுலயும் வார்டுல ஒருத்தர் இறந்த அன்னிக்கு ஜன்னல்ல அதே பில்டிங் தெரியும், வெளி ரூம்ல இருந்தப்போ கூட இருந்தவங்க மெடிக்கல் இல்லாததால மனசு சீக்கிரம் வேற எங்கயாவது போயிடும். அத இப்பவும் மிஸ் பண்றேன்.

வீட்டுலேர்ந்து வந்து போறது எப்படினு நான் சொல்ல முடியாது, இருந்ததில்ல. இன்டர்ன்ஷிப்பும் இன்னும் வரல, டியூட்டி ரூம்லயே பாதி நாள் போயிட்டா இந்தக் கணக்கே மாறலாம்.

ஹாஸ்டல் கெடைக்கல, வெளியிலதான் எடுக்கணும்னா அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி லேபர் ரூம் வாசல்லேர்ந்து அந்த ரூம் வரைக்கும் ஒரு தடவ நடந்து பாத்துடுங்க. பகல்ல இல்ல, ராத்திரி, கூட ஒரு ஆள கூட்டிட்டு.