4,650 ரூபாய்க்கு ஒரு போலி இண்டியானா ஜோன்ஸ் பெட்டி: வாங்குமுன் படித்துவிடுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 4,650 ரூபாய் போயிருக்கிறது. ஓடிடி காலத்திலும் பழைய ஹாலிவுட் படங்களை டிஸ்க்காக வாங்கிச் சேர்க்கிறவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கிறோம். அவர்களில் யாராவது ஸ்பீல்பெர்க் இயக்கி ஹாரிசன் ஃபோர்டு நடித்த இண்டியானா ஜோன்ஸ் மூன்று படப் பெட்டியை இணையத்தில் தேடிக்கொண்டிருந்தால் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கே புகார் செய்வது என்று எல்லாவற்றையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எந்தத் தளம் என்று பெயர் போடப்போவதில்லை. யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம் என்று திறந்துவிட்டிருக்கும் பெரிய விற்பனைத் தளங்களில் ஒன்று. பணத்தை வாங்கிக்கொண்டது தளம், பொருளை அனுப்பியது யாரோ ஒரு விற்பனையாளர். இந்த வித்தியாசத்தைப் பிற்பாடு எனக்குப் பாடமே எடுத்தார்கள்.

நான் தேடியது 2003ல் வந்த டிவிடி பெட்டி. நான்கு டிஸ்க். 1981, 1984, 1989ல் வந்த மூன்று படங்களுக்கு மூன்று, நாலாவது முழுக்க முழுக்கப் படம் எடுத்த கதை. சண்டைக் காட்சி, ஒலி, ஜான் வில்லியம்ஸின் இசை, தந்திரக் காட்சி என்று தனித்தனியாக இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அந்த நாலாவது டிஸ்க்தான். அக்கா பையன் விஸ்காம் படிக்கிறான். இரண்டாவது படத்தில் வரும் கயிற்றுப் பாலத்தை எப்படி எடுத்தார்கள் என்று அவனுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. கதை நடப்பது இந்தியாவில். ஆனால் நம் அரசு திரைக்கதையில் மாற்றம் கேட்டதால் படப்பிடிப்பு இலங்கைக்குப் போனது. கண்டிப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே நிஜமாகவே பாலம் கட்டி, நிஜமாகவே அறுத்துவிட்டார்கள். அறுந்து விழும்போது கைகாலை உதறிக்கொண்டு கீழே போகிறவை எல்லாம் பொம்மைகள். கிராஃபிக்ஸில் தட்டிவிடும் காலத்துப் பையனுக்கு இதைக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவது?

அந்தத் தளத்தில் ஒரு பெட்டி கிடைத்தது. 'இறக்குமதி, புத்தம் புதியது, சீல் உடைக்காதது, எல்லா ரீஜனிலும் ஓடும்' என்று போட்டிருந்தார்கள். ரீஜன் என்றால் டிவிடி எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்று பிரித்து வைத்த பகுதி. விலை 4,650 ரூபாய். கூடுதல்தான், ஆனால் இப்போது கடைகளில் கிடைக்காத சரக்கு. விலைக்குப் பக்கத்திலேயே நாலரை நட்சத்திரம். அதன் கீழே ரிவ்யூக்கள், போய்க்கொண்டே இருந்தன. ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 'படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது', 'சின்ன வயதில் கேசட்டில் பார்த்தது, இப்போதுதான் உண்மையான நிறம் தெரிகிறது', 'மகனோடு உட்கார்ந்து மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்தேன்', 'அம்ரீஷ் பூரி நெஞ்சுக்குள் கையை விடும் இடம் இன்றைக்கும் நடுங்க வைக்கிறது'. ஒருவர் முதல் படத்தில் பாறாங்கல் உருண்டு வரும் காட்சியைப் பற்றியே ஒரு பத்தி எழுதியிருந்தார். இன்னொருவர் ஷான் கானரி அப்பாவாக வருவதால் மூன்றாவது படமே சிறந்தது என்று வாதாடியிருந்தார், அதற்குக் கீழே ஒரு குட்டிச் சண்டை வேறு. இத்தனை பேர், இவ்வளவு பிரியமாக எழுதியிருக்கிறார்கள், எல்லாம் 'வாங்கியவர்' என்ற அடையாளத்தோடு. அந்த இடத்தில்தான் பணத்தைக் கட்டினேன்.

பார்சல் வந்தது. வெளி அட்டை பளபளவென்று இருந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் அட்டையின் எழுத்து ஓரங்களில் மை கசிந்த மாதிரி மங்கல். அக்கா பையன் ஒரு டிஸ்க்கை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே திருப்பிப் பார்த்தான். "மாமா, இது கம்பெனி டிஸ்க் இல்ல. பர்ன் பண்ணது." அடிப்பக்கம் கத்திரிப்பூ நிறம். அச்சடித்த டிஸ்க்கில் நடு ஓட்டையைச் சுற்றிப் பொடி எழுத்தில் பொறித்திருக்கும் ஆலைக் குறியீடு இதில் இல்லவே இல்லை. கணினியில் போட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் நாலு ஜிபி சொச்சம். இரண்டு அடுக்கு டிஸ்க்கில் வரவேண்டிய படத்தை நசுக்கி ஓர் அடுக்குக்குள் திணித்திருக்கிறார்கள்.

சரி, ஓட்டியாவது பார்ப்போம் என்று போட்டோம். இந்தப் படங்கள் தொடங்குகிற விதமே தனி அழகு. தயாரிப்பு நிறுவனத்தின் மலைச் சின்னம் மெல்லக் கரைந்து முதல் படத்தில் நிஜ மலையாகும், இரண்டாவதில் சேகண்டியில் செதுக்கிய மலையாகும். எங்கள் டிஸ்க்கில் சின்னத்தையே வெட்டி எறிந்துவிட்டு நேரே காட்டுக்குள் போகிறது. அகலத்திரைப் படத்தை டிவி நிறையும்படி இரண்டு பக்கமும் சீவியிருக்கிறார்கள். ஓரத்தில் நிற்பவருக்குப் பாதி முகம்தான். இரண்டாவது படத்தில் சீன சப்டைட்டில், என்ன செய்தாலும் அணைக்க முடியவில்லை. மூலையில் ஏதோ சேனலின் முத்திரையை மறைத்த மங்கல் கட்டம்.

எனக்குச் சந்தேகமே இல்லாமல் போனது பாம்புக் காட்சியில். முதல் படத்தில் ஹாரிசன் ஃபோர்டு பாம்புக் குழியில் விழுந்ததும் ஒரு நாகம் அவர் முகத்துக்கு நேரே படமெடுத்து நிற்கும். பாதுகாப்புக்காக நடுவில் கண்ணாடி வைத்து எடுத்தது. 1981ல் வந்த படத்தில் பாம்பின் பிம்பம் அந்தக் கண்ணாடியில் தெரியும், ரசிகர்கள் சுட்டிக்காட்டிச் சிரிப்பார்கள். 2003 டிவிடிக்காகப் படத்தைச் சுத்தம் செய்தபோது அந்தப் பிம்பத்தை அழித்துவிட்டார்கள். எங்கள் டிஸ்க்கில் பிம்பம் ஜம்மென்று நிற்கிறது. அப்படியானால் இது 2003 டிவிடியின் நகல்கூட இல்லை. அதற்கும் முந்தைய ஏதோ கேசட்டிலிருந்து உருவியது.

நாலாவது டிஸ்க்? அதில் மூன்றாவது படம் இன்னொரு தடவை. பாலமும் இல்லை, பொம்மையும் இல்லை.

அன்றைக்கே தளத்தின் உதவிப் பக்கத்துக்குப் போனேன். முதலில் ஒரு ரோபோ, அப்புறம் ஒரு மனிதர். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார். சீல் உடைத்த டிஸ்க்கைத் திரும்பப் பெற முடியாது." சீலை உடைக்காமல் உள்ளே இருப்பது போலி என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். "படம் ஓடுகிறதா சார்?" ஓடுகிறது என்றேன். "அப்படியென்றால் பொருள் வேலை செய்கிறது சார்." புகாரை மூடிவிட்டார்.

விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். "உங்க பிளேயர்ல பிரச்சனை சார்." போட்டோ அனுப்பினேன். "1981 படம் சார், பழைய படம்னா அப்படித்தான் இருக்கும்." நாலாவது டிஸ்க்கைப் பற்றிக் கேட்டேன். "போனஸ்தானே சார், அது ஃப்ரீ." அதோடு பதில் நின்றது. மறுபடி தளத்தைப் பிடித்ததும் ஒரு பெண் பேசினார், நல்ல மரியாதையாக. விற்பனையாளர்தான் பொறுப்பு, நாங்கள் வெறும் இடைத்தளம் என்று விளக்கினார். நான் 4,650 ரூபாயைக் கட்டியது உங்களிடம்தானே அம்மா என்றேன். மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். மேலிடத்திலிருந்து வந்தது 150 ரூபாய்க் கூப்பன், அதுவும் அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ள.

அந்த ஆத்திரத்தில் ரிவ்யூ பக்கத்துக்குத் திரும்பிப் போய் முதலிலிருந்து படித்தேன். டால்பி அட்மாஸ் (பிற்பாடு வந்த ஒலித் தொழில்நுட்பம்) ஒலி அபாரம் என்று ஒருவர். 2003 டிவிடியில் அட்மாஸ் எங்கிருந்து வரும்? அது 2021ல் வந்த 4கே பெட்டி. ஐந்து டிஸ்க்கும் அருமை என்று இன்னொருவர். அது 2012 புளூரே. நாலாவது படம் சொதப்பல், அதனால் ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன் என்று ஒருவர், மூன்றே படம் உள்ள பெட்டிக்கு! இருபது வருடத்தில் வந்த எல்லாப் பதிப்பின் ரிவ்யூவையும் ஒரே பக்கத்தில் கொட்டி வைத்திருக்கிறார்கள். மீதியில் பெரும்பாலானவை படத்தைப் பற்றியவை. ஸ்பீல்பெர்க்குக்கும் ஃபோர்டுக்கும் ஜனங்கள் போட்ட நட்சத்திரத்தை இந்த விற்பனையாளர் தன் பேரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தளமும் அதற்கு இடம் கொடுக்கிறது.

நானும் ஒரு ரிவ்யூ எழுதினேன். கத்திரிப்பூ நிற டிஸ்க், பாம்பின் பிம்பம், சீன எழுத்து, எல்லாவற்றையும் படத்தோடு போட்டேன். நிராகரித்துவிட்டார்கள். காரணம்: 'இந்தக் கருத்து பொருளைப் பற்றியதாக இல்லை.' அம்ரீஷ் பூரியின் கையைப் பற்றி எழுதினால் அது பொருளைப் பற்றியது, அவர்கள் அனுப்பிய டிஸ்க்கைப் பற்றி எழுதினால் இல்லை! ரிவ்யூக்களை எப்படி வாங்க வேண்டும், எப்படி வெளியிட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022லேயே ஒரு தர விதி கொண்டுவந்தது. விரும்பினால் பின்பற்றலாம் என்று விட்டதால் இவர்கள் விரும்பவில்லை போலிருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன், வேலைக்கு நேரமாகிவிட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். 'எல்லா ரீஜனிலும் ஓடும்' என்று போட்டிருந்தால் உஷார். பெரிய நிறுவனங்களின் டிவிடி பொதுவாக ரீஜன் பூட்டோடுதான் வரும், அமெரிக்காவுக்கு 1, நமக்கு 5. நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள், ஒரு நட்சத்திர ரிவ்யூக்களை மட்டும் தேடிப் படியுங்கள், அதுவும் டிஸ்க் போட்டோ உள்ளவற்றை. விற்பவரிடம் டிஸ்க்கின் அடிப்பக்கப் போட்டோ கேளுங்கள், தராவிட்டால் விடுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். கைவிரித்தால் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, நான் அங்கேயும் பதிந்துவிட்டேன். 4,650 ரூபாய் திரும்பி வருகிறதா என்று பார்ப்போம்.

அந்தப் பெட்டி இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது. டிஸ்க்கின் போட்டோக்கள் என்னிடம் இருக்கின்றன, வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.